படிக்கு முக்கால் வீசை வெல்லம்: அதிரசமும் அம்மா சொல்லாத அளவுகளும்

கேள்வி: கல்யாணமாகிப் பெங்களூரு வந்து நான்கு வருடமாகிறது. சொந்த ஊர் செய்யாறு பக்கம். தீபாவளிக்கு எங்கள் வீட்டு அதிரசம் என்றால் தெருவே காத்திருக்கும். அம்மாவிடம் அளவு கேட்டால், "படிக்கு முக்கால் வீசை வெல்லம், பாகு தக்காளிப் பதம், அவ்வளவுதான்" என்கிறார். இரண்டு வருடமாக முயல்கிறேன், எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகிறது. எல்லா வீட்டிலும் பண்டிகைப் பலகாரம் இப்படிக் கண்ணளவு, கையளவுதானா? இதை எப்படி எழுதிவைப்பது?

பதில்:

உங்கள் அம்மா எதையும் மறைக்கவில்லை. படி பழைய முகத்தல் அளவு, வீசை பழைய எடை. படிக்கு முக்கால் வீசை என்பது முழுமையான அளவு. என் அம்மாவும் எழுத்துப் பிசகாமல் இதையேதான் சொன்னார். எனக்கு ஆரணி பக்கம். நம் பக்கத்து வீடுகளில் இது வாய்ப்பாடு மாதிரி. அந்தப் படியும் அந்த வீசையும் உங்கள் சமையலறையில் இல்லாததுதான் முதல் சிக்கல்.

எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தலைதீபாவளிக்கு அம்மா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதோடு சரி. மறுவருடம் சென்னையில் தனியாக அடுப்பு முன் நின்றேன். மாமியார் வீட்டுக்குக் கேதார கௌரி நோன்பு உண்டு. 21 அதிரசம் வைத்துத்தான் படைக்க வேண்டும். மாமியார் ஊரில் படுத்த படுக்கை, அதனால் பொறுப்பு என் தலையில். படி என்றால் ஒரு கிலோ, வீசை என்றால் ஒன்றரை கிலோ என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோவுக்கு மேலேயே வெல்லம் போட்டுவிட்டேன். இரவு பத்து மணிக்கு முதல் அதிரசத்தை எண்ணெயில் விட்டால் அது பூப்போல விரிந்து, பொரிந்து, அடியில் கருப்பு மணலாகப் படிந்தது. இரண்டாவதும் அப்படியே. எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "வெல்லம் தூக்கல்டி" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அவர் வீட்டிலிருந்த அரிசி மாவைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுப் பிசைந்து, ஒரு மணிநேரம் மூடிவைத்து, திரும்பத் தட்டினோம். எப்படியோ 21 தேறியது. ருசியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவின் பித்தளைப் படியில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து மளிகைக்கடைத் தராசில் நிறுத்தேன். 1,350 கிராம். வீசை என்பது 40 பலம், ஏறக்குறைய 1,400 கிராம். முக்கால் வீசை 30 பலம், அதாவது 1,050 கிராம். கணக்குப் போட்டால் ஒரு கிலோ அரிசிக்கு 780 கிராம் வெல்லம். இன்று அதிரசம் செய்கிற யாரைக் கேட்டாலும் கிலோவுக்கு முக்கால் கிலோ என்பார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. அம்மாவின் வாய்ப்பாடு சரி, தவறு என் மொழிபெயர்ப்பில்.

நாட்டில் மெட்ரிக் எடைகளுக்கான சட்டம் 1956-இல் வந்தது, 1958-லிருந்து படிப்படியாக நடைமுறைக்கும் வந்தது. கடைத் தராசு மாறியது, பெண்கள் வாய்க்கணக்கு மாறவில்லை. அதிலும் படி இருக்கிறதே, எட்டு ஆழாக்கு ஒரு படி என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்த ஆழாக்கு எவ்வளவு பெரியது என்பது ஊருக்கு ஊர் வேறு. பட்டணம் படி, சின்னப் படி என்று பேதம் உண்டு. அதனால் என் 1,350 உங்கள் அம்மாவின் படிக்குப் பொருந்தாமல் போகலாம்.

சரி, வெல்லத்தின் எடை மட்டும் சரியானால் அதிரசம் வந்துவிடுமா? வராது. அந்த வாய்ப்பாட்டில் மூன்று விஷயங்கள் சொல்லப்படாமலே இருக்கின்றன. அம்மாக்களுக்கு அவை சொல்ல வேண்டிய விஷயங்களாகவே தோன்றுவதில்லை.

முதலாவது, மாவின் ஈரம். மாவுப் பச்சரிசியை இரண்டு மணிநேரம் ஊறவைத்து, தண்ணீரை நன்றாக வடித்து, வேட்டியில் பரப்பி நிழலில் போட வேண்டும். வெயிலில் போடக் கூடாது, மின்விசிறியை வேகமாகச் சுழல விடவும் கூடாது. இருபது நிமிடம், அரைமணி. கையில் அள்ளினால் அரிசி ஒட்ட வேண்டும், ஆனால் கை நனையக் கூடாது. அப்போதே இடித்துச் சலிக்க வேண்டும். மாவைப் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்கும், விரலால் தட்டினால் உதிரும். அதுதான் பதம். ஒருமுறை எடை போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ அரிசி இந்த நிலையில் 1,260 கிராம் இருந்தது. கால் கிலோவுக்கு மேல் தண்ணீர் அரிசிக்குள் ஏறியிருக்கிறது. பாக்கெட் அரிசி மாவு வாங்கிச் செய்தால் இந்தத் தண்ணீர் கிடையாது. காய்ந்த மாவு பாகை உறிஞ்சிக்கொண்டு மறுநாள் செங்கல்லாகிவிடும். இப்போது பல ஊர்களில் ஈர அரிசியை மில்லில் வாங்கிக்கொள்வதே இல்லை, இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். தீபாவளிக்கு முந்தைய வாரம் மட்டும் இதற்கென்று ஓட்டுவார்கள். பெங்களூரில் உங்களுக்கு மிக்ஸிதான் கதி. அது போதும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அரைத்துச் சலியுங்கள், சல்லடையில் நிற்கும் கப்பியைத் திரும்பப் போடுங்கள். அரைக்க அரைக்க, சலித்த மாவை ஈரத்துணி போட்டு மூடிவையுங்கள்.

இரண்டாவது, பாகு. தக்காளிப் பதம் என்று அம்மா சொன்னது இதுதான்: கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து அதில் ஒரு சொட்டுப் பாகை விட்டால் கரையாமல் அடியில் போய் உட்கார வேண்டும். விரலால் கூட்டினால் உருண்டையாகத் திரள வேண்டும், எடுத்து அழுத்தினால் பழுத்த தக்காளி மாதிரி நெகிழ வேண்டும். தண்ணீரிலேயே கரைந்தால் இளம்பாகு, அதிரசம் பிரியும். உருண்டை கெட்டியாகித் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் வந்தால் முற்றிவிட்டது. அது பொரிவிளங்காய் உருண்டைக்கும் கடலை உருண்டைக்கும் ஆகும், அதிரசத்துக்கு ஆகாது. இளம்பாகுக்கும் முற்றிய பாகுக்கும் நடுவே அடுப்பில் ஒன்றிரண்டு நிமிடம்தான் இடைவெளி. அம்மா கிண்ணமும் கையுமாக நின்றது அதற்காகத்தான். வெப்பமானி வைத்திருப்பவர்கள் 112-லிருந்து 116 டிகிரி செல்சியஸுக்குள் இறக்கலாம். நான் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். கிண்ணத்துத் தண்ணீர் தந்த பதில் வெப்பமானியிலிருந்து விலகவே இல்லை.

வெல்லத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்று நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். அது முக்கியமே இல்லை. மண்ணை வடிகட்டுவதற்காகக் கரைக்கிறோம், கூடுதலாக ஊற்றினால் கூடுதல் நேரம் கொதித்து ஆவியாகிவிடும். பதம் வந்தால் பதம்தான். வெல்லத்தின் ரகம் முக்கியம். கடையில் 'பாகு வெல்லம்' என்று கேளுங்கள். பளீரென்ற மஞ்சள் வெல்லத்தை நான் தொடுவதில்லை. கருத்துக் கிடக்கும் வெல்லம்தான் திரளும் என்பது என் அனுபவம்.

மூன்றாவது, மாவைப் பாகில் சேர்க்கும் விதம். அளந்துவைத்த மாவு எல்லாவற்றையும் கொட்டிவிடக் கூடாது. அடுப்பிலிருந்து இறக்கி, ஏலக்காய், சுக்கு, எள் போட்டு, மாவை ஒருவர் தூவ ஒருவர் கிளற வேண்டும். இட்லி மாவைவிடக் கெட்டி, சப்பாத்தி மாவைவிடத் தளர்வு. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஒரு கைப்பிடி மாவை மிச்சம் வையுங்கள். 'ரொம்பத் தளர்ந்திருக்கிறதே' என்ற பயம் வரும், வரட்டும். மேலே நெய் தடவி மூடி ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் விட்டால் மாவு பாகைக் குடித்து இறுகிவிடும். என் மாமியார் நான்கு நாள் வைப்பார். பொறுமையில்லாத வருடத்து அதிரசமும் பொறுமையாக இருந்த வருடத்து அதிரசமும் வாயில் போட்டால் தெரிந்துவிடும்.

சுடும்போது ஒன்றே ஒன்றைத் தட்டிப் போட்டுப் பாருங்கள். பிரிந்தால் மிச்சம் வைத்த மாவைச் சேர்த்துப் பிசைந்து மீண்டும் கொஞ்ச நேரம் வையுங்கள். தட்டும்போதே ஓரம் வெடித்தால், கெட்டியாக இருந்தால், காய்ச்சிய பாலைத் தெளித்துப் பிசையுங்கள். மசித்த வாழைப்பழம் சேர்க்கிறவர்களும் உண்டு. எண்ணெய் மிதமாகக் காய வேண்டும். அதிகம் காய்ந்தால் வெளியே கருகி உள்ளே பச்சை மாவு நிற்கும். நம் பக்கம் கடலை எண்ணெய்தான், நிலக்கடலை விளையும் பூமி. ஒரு முறைதான் திருப்ப வேண்டும். எடுத்தவுடன் இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவே வைத்து எண்ணெயைப் பிழிந்துவிட வேண்டும். இந்தப் பிழிகிற வேலை எங்கள் வீட்டில் அப்பாவுடையது. வருடம் முழுக்க அடுப்படிப் பக்கம் வராத மனிதர் அன்று மட்டும் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். முறுக்கு அச்சைப் பிழிவதும் அவர்தான். அச்சுப் பிடிப்பதற்கு ஆண் கை வேண்டும் என்று அம்மா சொல்லிச் சொல்லியே அவரை உட்காரவைத்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எல்லா வீட்டிலும் இப்படித்தானா? ஆமாம். காரணம் சோம்பேறித்தனம் கிடையாது. பலகாரத்தின் மூலப்பொருள் ஒவ்வொரு வருடமும் மாறும். அரிசி புதுசா பழசா, வெல்லம் எந்த ஆலையில் காய்ச்சியது, ஐப்பசி அடைமழையில் மாவு எவ்வளவு ஈரம் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்து அளவு நகரும். நகராத ஒன்று பதம் மட்டும்தான். அதனால் அவர்கள் பதத்தை மனப்பாடம் செய்தார்கள், எடையைத் தோராயமாக விட்டுவிட்டார்கள்.

கிருஷ்ண ஜெயந்திக்குச் செய்கிற சீடையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். சீடை வெடிக்கும் என்று எல்லோருக்கும் பயம். என் சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடியில் ஒரு கீறல் கடைசிவரை இருந்தது, சீடை செய்த கீறல். உருண்டைக்குள் மாட்டிக்கொண்ட ஈரம் எண்ணெயில் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் முட்டும்போதுதான் வெடிக்கிறது. உளுந்து மாவில் கப்பி இருந்தாலும், தேங்காய்த் துருவலில் ஈரம் இருந்தாலும், அழுத்தி அழுத்தி வழவழப்பாக உருட்டினாலும் வெடிக்கும். பாட்டி, "சீடையை அழகா உருட்டாதே, விரிசலோட உருட்டு" என்பார். சமையல் குறிப்பில் அதை யாராவது எழுதுகிறார்களா? உருட்டியதைத் துணியில் போட்டு உலர்த்துவதும், ஊசியால் ஒரு குத்துக் குத்துவதும் அதற்காகத்தான். தைரியமில்லாதவர்கள் தட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம், அதில் அவமானம் எதுவும் இல்லை.

முறுக்கைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு ஆசையில்லை. அது எல்லோருக்கும் வந்துவிடும். உளுந்தைச் சிவக்க வறுத்தால் முறுக்கு கருக்கும், வெண்ணெய் கூடினால் எண்ணெயில் கரையும், குறைந்தால் பல்லை உடைக்கும். கைச்சுற்று முறுக்கு மட்டும் வேறு ஜாதி. ஐந்து சுற்று, ஏழு சுற்று, ஒன்பது சுற்று என்று விரலால் முறுக்கிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், செய்ய முயலக் கூடாது. முறுக்கைச் சும்மா வாங்கித் தின்ன வேண்டுமென்றால் மணப்பாறை இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த முறுக்கு. அதை இரண்டு முறை பொரித்தெடுக்கிறார்கள், அந்த மொறுமொறுப்பு அங்கிருந்து வருகிறது.

நம் பக்கத்துக்கு அதிரசம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்களோ என்னவோ. ஐப்பசி அமாவாசையில் வருகிற கேதார கௌரி நோன்புதான் காரணம். 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 முடிச்சுப் போட்ட நோன்புக் கயிறு. வடமாவட்டங்களில் 'எங்களுக்கு நோன்பு உண்டு', 'எங்களுக்கு நோன்பு இல்லை' என்று வீடுகளே இரண்டாகப் பிரியும். ஏதோ ஒரு தலைமுறையில் தவறிப்போனால் 'நோன்பு விட்டுப்போச்சு' என்பார்கள். மறுபடி வேண்டுமென்றால் நோன்பு உள்ள வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஆக இங்கே அதிரசம் தின்பண்டம் என்பதோடு நிற்பதில்லை, அந்த வீடு தொடர்கிறது என்பதற்குச் சாட்சி. ஒன்று பிரிந்தால் அம்மா முகம் ஏன் அப்படிச் சுருங்கியது என்று இப்போது புரியும். சுடும்போது வேற்றாள் வந்து எட்டிப் பார்த்தால் கண்பட்டுப் பிரிந்துவிடும் என்று கதவைச் சாத்தியதும் இந்தப் பதற்றம்தான். எத்தனை ஆச்சு என்று எண்ணவும் விடமாட்டார்கள். படைக்கும்போது மட்டும் 21 சரியாக இருக்க வேண்டும்!

நோன்பு உள்ள எங்கள் வீட்டில் தீபாவளியன்று கறி கிடையாது, மறுநாள்தான். நோன்பு இல்லாத பக்கத்து வீட்டில் காலை ஐந்து மணிக்கே இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் மணக்கும். மதுரைப் பக்கமும் கொங்குப் பக்கமும் பெரும்பாலான வீடுகளில் அந்த வாசனைதான் தீபாவளி. சின்ன வயதில் அந்த வாசனையைக் கேட்டுக்கொண்டே, எண்ணெய் தேய்த்துக் குளித்து, வெறும் வயிற்றில் தீபாவளி லேகியத்தை விழுங்குவது பெரிய சோதனை. நாட்டு மருந்துக் கடையில் 'தீபாவளி மருந்து சாமான்' என்று கேட்டால் சுக்கு, கண்டந்திப்பிலி, அரிசித்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், மிளகு எல்லாம் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பார்கள். வறுத்துப் பொடித்து வெல்லமும் நெய்யும் நல்லெண்ணெயும் சேர்த்துச் சுருளக் கிளற வேண்டியதுதான். அன்று தின்னப்போகிற எண்ணெய்ப் பண்டத்துக்கு முன்கூட்டியே போடுகிற கடிவாளம்.

வேலை நிமித்தம் ஆறு வருடம் காரைக்குடியில் இருந்தோம். அங்கே போன பிறகுதான் தீபாவளி என்றால் அதிரசம் என்ற என் எண்ணம் கலைந்தது. தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை என்று அவர்கள் வரிசையே வேறு. சீப்புச் சீடையில் கோடு கோடாக வரி விழுந்திருக்கும். மாவுருண்டை வறுத்த பாசிப்பருப்பு மாவில் சூடான நெய்யை ஊற்றிச் சூட்டோடு பிடிப்பது, பாகே கிடையாது. பாகு வராதவர்களுக்கு அது வரப்பிரசாதம். கருப்புக் கவுனி அரிசியில் செய்கிற இனிப்பை முதல்முறை பார்த்தபோது கருகிவிட்டதோ என்று நினைத்தேன். பர்மாவில் தொழில் செய்த நகரத்தார் கொண்டுவந்த அரிசி அது என்று வீட்டுக்காரப் பெரியம்மா சொன்னார். தேங்காய்த் துருவல், சர்க்கரை, நெய் போட்டுக் கொடுத்தார். ஒரு குடும்பம் கடல் கடந்து பிழைக்கப்போன கதை ஒரு கிண்ணத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இப்படி ஊருக்கு ஒன்று. சேலம், நாமக்கல், கரூர் பக்கம் ஆடி முதல் தேதி தேங்காய் சுடுவார்கள். தேங்காயின் கண்ணைத் துளைத்து, உள்ளே பாசிப்பருப்பு, வெல்லம், எள், அவல் நிரப்பி, அழிஞ்சில் குச்சியில் செருகி, தெருவில் தீ மூட்டிச் சுடுவது. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் கார்த்திகைக்குப் பனை ஓலைக்குள் மாவும் கருப்பட்டியும் வைத்துக் கட்டி அவித்த கொழுக்கட்டை. ஓலை வாசனை மாவில் இறங்கியிருக்கும். இதற்கெல்லாம் அளவு கேட்டுப் பாருங்கள், "ஓலை கொள்கிற அளவு" என்பார்கள். அதுவும் அளவுதான்.

அதிரசம் தமிழ்நாட்டோடு நிற்கிற சங்கதியும் அல்ல. விஜயநகர காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் பெருமாளுக்குப் படைக்கிற பணியாரங்களில் ஒன்றாக அதிரசப்படி வருகிறது. ஆந்திரத்தில் சங்கராந்திக்கு அரிசெலு, மகாராஷ்டிரத்தில் தீபாவளிக்கு அனார்சே, ஒடிசாவில் அரிசா பிட்டா, எல்லாம் ஊறவைத்த அரிசி மாவும் வெல்லமும் சேர்ந்த உறவுக்காரர்கள். நீங்கள் இருக்கிற பெங்களூரிலேயே தீபாவளிக்குக் கஜ்ஜாயம் செய்வார்கள். கன்னடக்காரப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேச்சுக் கொடுங்கள். மாவின் ஈரமும் பாகின் பதமும் அவருக்கு அத்துப்படியாக இருக்கும். பாகு காய்ச்சும்போது பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் நின்றாலே பாதிப் பயம் போய்விடும்.

இனி எழுதிவைப்பது. 'எவ்வளவு' என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள். அந்தக் கேள்விக்கு அம்மாவிடம் பதில் இல்லை. 'எதுவரைக்கும்' என்று கேளுங்கள். எதுவரைக்கும் உலர்த்தணும், எதுவரைக்கும் கொதிக்கணும், எதுவரைக்கும் மாவு போடணும். பதில் கொட்டும். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் போக முடிந்தால் போங்கள். அன்று நீங்கள் சமைக்க வேண்டாம், தராசோடு உட்காருங்கள். அரிசியை அவர் கையால் அளந்த பிறகு நிறுங்கள். வெல்லத்தை அவர் எடுத்த பிறகு நிறுங்கள். மாவுப் பாத்திரத்தை, மாவைப் பாகில் போடுவதற்கு முன் ஒரு தடவையும், போட்டு முடித்து மிச்சத்தோடு ஒரு தடவையும் நிறுத்தால் எவ்வளவு போனது என்று தெரிந்துவிடும். அவர் எதையும் மாற்றிச் செய்யாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தராசைக் கண்டதும் அம்மாக்களுக்குக் கை நடுங்கும். என் அம்மா, "நீ நிறுக்கிறதப் பாத்து எனக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்று திட்டினார்.

பாகைக் கைப்பேசியில் படம்பிடியுங்கள், முழுவதுமாக. குமிழி முதலில் பெரிது பெரிதாக வரும், பதம் நெருங்க நெருங்கச் சின்னதாகி நெருக்கமாகும், கரண்டியிலிருந்து விழுகிற வேகம் குறையும். இதைச் சொல்லால் எழுத நான் பலமுறை முயன்றேன், ஐந்து நிமிடப் படம் சுலபமாகக் காட்டிவிடுகிறது. எந்தப் பாத்திரம், எந்த அடுப்பு என்பதையும் குறியுங்கள். அம்மாவின் வெண்கல உருளியில் சூடு நிற்கும், இறக்கிய பிறகும் பாகு முற்றிக்கொண்டே போகும். உங்கள் மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் அப்படி ஆகாது. அப்புறம், கெட்டுப்போன வருடங்களைப் பற்றிக் கேளுங்கள். நன்றாக வந்த வருடத்தைப் பற்றி யாருக்கும் சொல்ல ஒன்றுமிருக்காது. "உன் அண்ணன் பிறந்த வருஷம் அடைமழை, மாவு காயவே இல்லை, அப்ப என்ன பண்ணினேன்னா…" என்று ஆரம்பிப்பார் பாருங்கள், உங்களுக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது. எங்கள் நோட்டுப் புத்தகத்தில் அதிரசத்துக்கு ஒரு பக்கம்தான், கெட்டுப்போன அதிரசங்களுக்கு நான்கு பக்கம்.

எல்லாப் பலகாரத்தையும் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மிக்சரும் ஜாங்கிரியும் கடையில் நன்றாகவே கிடைக்கின்றன. நாங்கள் இப்போது அதிரசத்தை மட்டும் வீட்டில் செய்கிறோம், மற்றதெல்லாம் வாங்குகிறோம். ஒன்றை ஒழுங்காகச் செய்யவே நாள் பிடிக்கும், ஆறு பேர் உட்கார வேண்டும், அவ்வளவுதான் எங்களால் முடிகிறது.

கடைசியாக ஒரு நடைமுறைச் சங்கதி. ஊரிலிருந்து வரும்போது அம்மா பிசைந்த பாகு மாவையே டப்பாவில் எடுத்துவந்துவிடலாம். ஈரக்கை படாமல் இருந்தால் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மாதம் தாங்கும். சுடுகிற நாளில் இரண்டு மணிநேரம் முன்னால் வெளியே வைத்து, கை பொறுக்கும் சூட்டில் கொஞ்சம் பால் தெளித்துப் பிசைந்தால் போதும். முதல் வருடம் இப்படிச் செய்து தட்டுவதையும் சுடுவதையும் மட்டும் பழகுங்கள். இரண்டாம் வருடம் பாகில் கைவைக்கலாம்.

அந்தப் படி இன்னும் வீட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். எங்களுடையதைப் பழைய பித்தளையோடு சேர்த்துப் பாத்திரக்கடையில் போட்டுப் புதுக் குக்கர் வாங்கிவிட்டார்கள். நல்லவேளை, அதற்கு முன்னமே 1,350 என்று எழுதிவைத்திருந்தேன்.